சங்கிலிவாளின் நிறுத்தாளி: அதன் மின்பழுதுகளும் அவற்றை அறியும் முறையும்

பதுளையிலிருந்து பசறை நோக்கியோ, ஹாலி-எல வழியாகப் பண்டாரவளை நோக்கியோ செல்பவர், தேயிலைச் செடிகளுக்கிடையே வரிசை வரிசையாக நிற்கும் நெடுமரங்களைக் காணாதிருத்தல் இயலாது. தோட்டங்களிலே சவுக்கு என்று வழங்கும் கிறெவிலியா மரமே அவற்றுட் பெரும்பான்மையானது. சரிவுகளின் மேற்புறத்தே யூக்கலிப்தசுத் தோப்புகளும் பைனசுக் காடுகளும் உள. நிழலுக்காகவும் காற்றைத் தடுப்பதற்காகவும் நடப்பெற்ற மரங்கள், காலம் வந்ததும் வெட்டப்பெற்றுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் உலையடுப்புகளுக்கு விறகாகின்றன. கூரைகளுக்குத் தீராந்தியும் பலகையுமாகின்றன. முன்னாளிலே கோடரியாலும், இருவர் இருபுறமும் நின்று இழுக்கும் நீண்ட வாளாலும் நடந்த இத்தொழில், இன்று பெரும்பாலும் பெற்றோலால் இயங்கும் சங்கிலிவாளினாலே நடைபெறுகின்றது. தோட்டத்து மக்கள் அதனைச் 'செயின்சோ' என்பர்.

இப்பொறியின் எல்லா உறுப்புகளையும் பற்றி எழுதப் புகின் ஒரு நூலாக விரியும். ஆதலின், அதன் எஞ்சினை நிறுத்தும் ஆளியையும், அவ்வாளியைச் சார்ந்த மின்சுற்றையும், அச்சுற்றில் நேரும் பழுதுகளை ஒழுங்காகத் தேடும் முறையையும் மாத்திரம் இங்கு விளக்க முற்படுகின்றேன்.

சிறு பழுதாயினும் இது உயிரோடு தொடர்புடையது. பல் இடைவெளி எட்டில் மூன்று அங்குலமான சங்கிலி, ஏழு பற்களையுடைய சில்லினால் இழுக்கப்படுமாயின், எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 133 மில்லிமீற்றர் நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும்போது, சங்கிலியின் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர் ஆகின்றது. நமுணுகுலைச் சரிவிலோ மடுல்சீமைச் சரிவிலோ கால் வழுக்கும் புல்லின்மேல் நின்று இதனைக் கையாளுபவன், மரம் எதிர்பாராத பக்கம் சாயத் தொடங்கிய கணத்திலே பொறியை நிறுத்திவிட்டு விலக வேண்டும். விரல் ஆளியைத் தட்டியும் எஞ்சின் நில்லாவிடின் அவனது நிலை யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபுறத்தே, ஓடத் தொடங்காத வாள் ஒருவனது அன்றைய கூலியையே கெடுக்கும். அவன் அதனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நகரத்துக் கராச்சுக்கு வர வேண்டும். அங்கே சோதனை எதுவுமின்றிக் "கொயில் போய்விட்டது" என்று தீர்ப்பளிக்கப்படுதலும் உண்டு. ஒரு சாண் நீளக் கம்பியின் உராய்வுக்காக விலையுயர்ந்த கொயில் மாற்றப்பட்டு, அதன்பின்னும் வாள் ஓடாதிருத்தலைக் கண்டோர் பலர்.

தீப்பொறி பிறக்கும் விதம்

சங்கிலிவாளிலே மின்கலம் இல்லை. கயிற்றை இழுத்துச் சுழற்றும் சில்லே அதற்கு வேண்டிய மின்னை உண்டாக்குகின்றது. 1831ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவமே இதற்கு அடிப்படை. ஒரு கம்பிச்சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் மாறும்போது அச்சுருளில் மின்னியக்கவிசை தோன்றும். மாற்றம் விரைவாக நிகழும்போது அவ்விசையும் பெரிதாகும். இத்தத்துவத்தைக் கொண்டு உயர் அழுத்த மக்னீற்றோவை ஜேர்மனியிலே றொபேட் பொஷ் என்பாரின் நிறுவனம் 1902ஆம் ஆண்டளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் தோட்டங்களில் ஒலிக்கும் வாள்களுள்ளும் இருப்பது அம்மக்னீற்றோவின் வழித்தோன்றலே.

பட்டறைகளில் 'பிளைவீல்' என வழங்கும் சில்லின் விளிம்பிலே நிலைக்காந்தம் பதிக்கப்பெற்றுள்ளது. சில்லுக்கு அருகே, மயிரிழை போன்ற இடைவெளி விட்டு, மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த அகணியும், அதன்மேல் சுற்றிய இரு சுருள்களும் உள. தடித்த கம்பியிற் சில சுற்றுகளாக அமைந்தது முதற்சுருள். நுண்ணிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகளாக அமைந்தது துணைச்சுருள். காந்தம் கடந்து செல்லும்போது முதற்சுருளில் மின்னோட்டம் எழுகின்றது. அது உச்சமடையும் தறுவாயிலே சடுதியாக அறுக்கப்படுகின்றது. அவ்வாறு அறுக்கப்பட்டதும் காந்தப்பாயம் குலைந்து, துணைச்சுருளிலே பல்லாயிரம் உவோற்று அழுத்தம் தோன்றிப் பிளக்கின் அரை மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாகின்றது.

பழைய வாள்களில் மின்னோட்டத்தை அறுப்பதற்குத் திறந்து மூடும் தொடுகைப் புள்ளிகளும், அவை கருகாமற் காக்கும் கொள்ளளவியும் இருந்தன. இக்கால வாள்களில் இவ்வேலையைத் திரான்சிற்றர் முதலிய குறைகடத்திச் சாதனங்கள் செய்கின்றன. அவை சுருள்களோடு சேர்த்துப் பிசினுள்ளே அடைக்கப்பட்டுள்ளன. இருவகையிலும் நிறுத்தும் முறை ஒன்றே.

நிறுத்துவது எங்ஙனம்?

முதற்சுருளின் ஒரு முனை எஞ்சினின் உலோக உடலோடு இணைந்துள்ளது. மறு முனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி புறப்பட்டு ஆளிக்குச் செல்கின்றது. ஆளி 'ஓடு' என்னும் நிலையில் இருக்கும்போது அக்கம்பி எதனையும் தொடாது தனித்து நிற்கும். 'நிறுத்து' என்னும் நிலைக்கு மாற்றியதும் அக்கம்பி எஞ்சினின் உடலோடு சேர்க்கப்படுகின்றது. அப்போது முதற்சுருளின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து குறுஞ்சுற்றாகின்றன. புள்ளிகளோ திரான்சிற்றரோ அறுக்க முயன்றாலும் மின்னோட்டம் இக்கம்பி வழியே தொடர்ந்து செல்லும். சடுதியான மாற்றம் இல்லை. ஆகவே தீப்பொறியும் இல்லை.

இவ்விடத்தே மாணவர் நன்கு மனத்திருத்த வேண்டியது ஒன்றுண்டு. வீட்டு விளக்கின் ஆளியை மூடினால் விளக்கு எரியும்; திறந்தால் அணையும். சங்கிலிவாளின் ஆளியோ இதற்கு நேர்மாறானது. சுற்று திறந்திருந்தால் எஞ்சின் ஓடும், மூடினால் நிற்கும். வீட்டிலே கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. வாளிலே கம்பி அறுந்தால் எஞ்சின் நில்லாது. வீட்டுப் பழக்கத்தை மனத்திற் கொண்டு, "ஓடவில்லை, ஆகவே எங்கோ கம்பி அறுந்திருக்கின்றது" என்று தேடுபவர் நாள் முழுதும் தேடினும் பழுதைக் காணமாட்டார்.

பழுதின் மூவகை

முதலாவது வகை, சுற்று எந்நேரமும் மூடியிருத்தல். இதன் அறிகுறி, எத்தனை முறை இழுப்பினும் தீப்பொறி தோன்றாமை. கம்பியின் காவலி எஞ்சின் உடலில் உராய்ந்து தேய்தல், மூடியைப் பூட்டும்போது கம்பி அதன்கீழ் நசுங்குதல், ஆளியின் தொடுகைத் தகடு வளைந்து உடலிற் படுதல், எண்ணெயும் மரத்தூளும் ஈரமும் குழைந்து ஆளியினுள் அடைதல் என்பன காரணங்களாம்.

இரண்டாவது வகை, சுற்று எந்நேரமும் திறந்திருத்தல். இதன் அறிகுறி, எஞ்சின் நில்லாமை. கம்பி அறுதல், அதன் முனை கழன்று விழுதல், தொடுகைத் தகட்டிற் களிம்பேறுதல் என்பன காரணங்கள். இன்னொன்றும் உண்டு. கைக்கு அதிர்வு தாக்காதிருக்கும் பொருட்டு, பிற்கால வாள்களின் கைப்பிடிப் பகுதி றப்பர்த் துண்டுகளாலோ சுருள்வில்லாலோ எஞ்சினினின்றும் பிரிக்கப்பட்டுள்ளது. ஆதலின் ஆளிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே தனியாக ஒரு புவிக்கம்பி வேண்டியதாகின்றது. அக்கம்பி அறுந்தாலும், அதன் திருகாணி துருப்பிடித்தாலும் ஆளி பயனற்றதாகும்.

மூன்றாவது வகை, சிலவேளை மூடியும் சிலவேளை திறந்தும் இருத்தல். வாளை ஒரு பக்கம் சாய்த்தபோது எஞ்சின் திடீரென நிற்கும். நிமிர்த்தினால் மீண்டும் ஓடும். காவலி தேய்ந்த கம்பி அதிர்வினால் உடலைத் தொட்டும் விலகியும் நிற்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

ஊவாவின் காலநிலையும் இவற்றுக்குத் துணைபோகின்றது. ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் காற்று வறண்டு வீசும்போது நுண்ணிய மரத்தூள் எவ்விடுக்கிலும் புகுந்து சங்கிலி எண்ணெயோடு ஒட்டிக்கொள்கின்றது. கார்த்திகை, மார்கழி மாதங்களின் மழையிலே அதே தூள் ஈரத்தை உறிஞ்சிக் களிம்பையும் துருவையும் வளர்க்கின்றது. மழைக்காலத்தில் லயத்து மூலையிற் சாக்கால் மூடி வைக்கப்பட்ட வாள், வெயில் வந்ததும் ஓட மறுப்பது இதனாலேயாம்.

தேடும் ஒழுங்கு

சோதனையைத் தொடங்குமுன் எஞ்சினை ஆறவிடுக. சங்கிலித் தடையைப் பூட்டி, வாளலகுக்கு உறையிடுக. சிந்திய பெற்றோலைத் துடைத்து, பெற்றோற் கலத்தைத் தூரத்தே வைக்க.

ஓடாத வாளாயின், பழுது மின்னைச் சார்ந்ததோ எரிபொருளைச் சார்ந்ததோ என்பதை முதற்கண் தீர்மானித்தல் வேண்டும். இதற்கு நல்ல நிலையிலுள்ள இரண்டாவது பிளக்கு ஒன்று தேவை. எஞ்சினிலுள்ள பிளக்கைக் கழற்றாது அதன் தொப்பியை மாத்திரம் எடுத்து, இரண்டாவது பிளக்கிற் பொருத்துக. அப்பிளக்கின் மரையைக் காவலியிட்ட குறட்டாற் பிடித்து, உருளையின் வெறும் உலோகத்தில் அழுத்தி, ஆளியை 'ஓடு' நிலையில் வைத்துக் கயிற்றை விரைவாக இழுக்க. நிழலான இடத்திற் பார்த்தால் நீலநிறப் பொறி தெரியும். எஞ்சினின் பிளக்கை அதன் இடத்திலேயே விட்டுவைத்தலால், துளை வழியே பெற்றோல் ஆவி வெளிவந்து தீப்பற்றும் அபாயம் நீங்குகின்றது. தொப்பியை வெறுமனே தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்தலாகாது. செல்ல வழியில்லாத உயர் அழுத்தம் சுருளின் காவலியைத் துளைத்துவிடக்கூடும்.

பொறி நன்றாகத் தோன்றின், முதலில் பழைய பிளக்கை மாற்றிப் பார்த்துப் பின்னர் எரிபொருட் பக்கம் திரும்புக. பொறி தோன்றாவிடின் அடுத்த சோதனையே மிக முக்கியமானது. கொயிலிலிருந்து ஆளிக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கொயிலின் முனையிலேயே கழற்றிவிட்டு, மீண்டும் முன்போல இழுத்துப் பார்க்க. இப்போது பொறி தோன்றினால் கொயில் குற்றமற்றது; பழுது கம்பியிலோ ஆளியிலோ உள்ளது. அப்போதும் தோன்றாவிடின் ஆளியை விட்டுவிட்டுக் கொயில், சில்லு, பிளக்குத் தொப்பி ஆகியவற்றைச் சோதிக்க. ஒரு திருகாணியைக் கழற்றுவதாற் பழுதின் களம் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றது. கொயில் வாங்கப் பணம் கொடுக்குமுன் இச்சோதனை செய்யப்பட்டதா என்று கேட்கும் உரிமை வாளுக்குரியவனுக்கு உண்டு. ஆயினும், கம்பி கழன்ற நிலையில் எஞ்சினை ஓட்டலாகாது. அப்போது அதனை நிறுத்த ஆளி இல்லை.

ஆளிச் சுற்றைச் சோதிக்கப் பல்மானி ஒன்று போதும். அதனை ஓம் அளவிற்கு மாற்றி, கழற்றிய கம்பியின் முனையில் ஒரு தொடுகோலையும், உருளையின் வெறும் உலோகத்தில் மற்றதையும் வைக்க. கம்பியைக் கொயிலிலிருந்து கழற்றாது அளத்தல் வீண். முதற்சுருளின் மிகச் சிறிய தடையையே மானி காட்டி, நல்ல ஆளியையும் பழுதானதாகத் தோற்றச் செய்யும். கழற்றி அளக்கும்போது கிடைக்கும் விடைகள் நான்கு.

'ஓடு' நிலையில் முடிவிலியும் 'நிறுத்து' நிலையில் ஏறத்தாழப் பூச்சியமும் காட்டின் சுற்று நன்று. இரு நிலையிலும் பூச்சியம் காட்டின் குறுஞ்சுற்று; எஞ்சின் ஓடாமைக்கு இதுவே காரணம். இரு நிலையிலும் முடிவிலி காட்டின் சுற்று அறுந்துள்ளது. எஞ்சின் நில்லாமைக்கு இதுவே காரணம். 'நிறுத்து' நிலையிற் பத்துக் கணக்கிலோ நூற்றுக் கணக்கிலோ ஓம் காட்டி முள் அலையுமாயின், தொடுகையில் அழுக்கோ களிம்போ உண்டு. அளந்துகொண்டிருக்கும்போதே கம்பியை ஆங்காங்கே அசைத்தும், கைப்பிடியை இருபுறமும் நெளித்தும் பார்க்க. மூன்றாவது வகைப் பழுது அப்போதுதான் வெளிப்படும். பல்மானி இல்லாதோர் ஒரு ரோர்ச் மின்கலத்தையும் சிறு குமிழையும் தொடராக இணைத்து இதே சோதனையைச் செய்யலாம். குமிழ் எரிந்தால் சுற்று மூடியுள்ளது என்க. அழுக்கேறிய தொடுகையை மாத்திரம் இம்முறை தெளிவாகக் காட்டாது.

தட்டியபின் தானே மீளும் ஆளியாயின், அதனை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'நிறுத்து' அளவீட்டை எடுத்தல் வேண்டும். நுண்மின் கட்டுப்பாடுடைய புதிய மாதிரிகள் சிலவற்றின் அமைப்பு வேறுபடுமாதலால், அவற்றுக்குரிய கைந்நூலைப் பார்த்தே செயற்படுக.

குறுஞ்சுற்று என்று கண்டபின், கம்பியை ஆளிப் பக்கத்திலும் கழற்றுக. இரு முனையும் தனித்து நிற்கையிலும் கம்பிக்கும் உடலுக்கும் இடையே பூச்சியம் காட்டின் கம்பியே உராய்ந்துள்ளது. முடிவிலி காட்டின் குற்றம் ஆளியினது. சுற்று அறுந்தது என்று கண்டால், கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே அளக்க. பின்னர் ஆளியின் இரு முனைகளுக்கிடையே அளக்க. ஈற்றில் புவிக்கம்பியை அளக்க. மூன்றில் எங்கே முடிவிலி தோன்றுகின்றதோ அங்கேயே பழுது.

திருத்தும் முறை

உராய்ந்த கம்பியின்மேல் நாடா சுற்றி விடுதல் சில நாட்களுக்கே உதவும். பெற்றோலும் வெப்பமும் அதன் பசையைக் கரைத்துவிடும். பல நுண்ணிழைகள் கொண்டதும் எண்ணெயைத் தாங்குவதுமான புதுக்கம்பி இட்டு, பழைய கம்பி சென்ற தவாளிப்பின் வழியே செலுத்துதல் நன்று. அதிர்வுள்ள இடத்தில் ஈயப்பற்று வைத்த கம்பி, பற்று முடியும் எல்லையில் விறைத்து முறியும் இயல்பினது. ஆகவே முனைகளை நசுக்கிப் பொருத்தும் உலோகக் காதுகளை உபயோகிப்பதே மேல். தொடுகைத் தகட்டைத் தூரிகையாற் சுத்தம் செய்து, நுண்ணிய அரத்தாளால் மெல்லத் தேய்த்து, அழுத்தம் குறைந்திருப்பின் சிறிது வளைத்து விடலாம். புவிக்கம்பியின் திருகாணி பற்றும் இடத்தில் வண்ணப்பூச்சும் துருவும் இருத்தலாகாது.

கொயிலின் பக்கத்தே பழுதெனின், அதனை மாற்றுமுன்னும் பார்க்க வேண்டியன சில உள. சில்லின் காந்தத்திலும் அகணியின் முகத்திலும் படிந்த துருவை நீக்குக. இரண்டுக்கும் இடையேயுள்ள வெளி பெரும்பாலான வாள்களில் 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் வரையாகும். ஒரு முகவரி அட்டையின் தடிப்பை அதற்கு அளவாகக் கொள்ளலாம். பிளக்குத் தொப்பியினுள்ளே சுருள்வில் கம்பியைத் தொடுகின்றதா என்று நோக்குக. பழைய வாளாயின் தொடுகைப் புள்ளிகளில் எண்ணெய் படிந்திருக்கலாம். இருபது நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும் வாளாயின், சூடாக இருக்கும்போதே பொறிச் சோதனை செய்க. வெப்பத்தில் மாத்திரம் கெடும் கொயில் அப்போதே அகப்படும். பிசினுள் அடைத்த கொயிலை ஓம் அளவீட்டைக் கொண்டு மாத்திரம் கெட்டதெனத் தீர்மானித்தல் சரியன்று.

மின்பழுது அல்லாதன

எஞ்சின் தானே நிற்பதெல்லாம் ஆளியின் குற்றமன்று. தீப்பொறி அறுந்தால் எஞ்சின் விளக்கணைந்தாற்போலச் சட்டென நிற்கும். எரிபொருள் குறைந்தால் ஒலி உயர்ந்தோ தளர்ந்தோ சிறிது தடுமாறி நிற்கும். இவ்வேறுபாட்டைக் காது கற்றுக்கொள்ளல் வேண்டும்.

அவ்வாறே, மானி சுற்று நன்றெனக் காட்டியும் எஞ்சின் நில்லாது சில கணம் ஓடுதல் அரிதாக நிகழும். உருளையினுள் கனன்று நிற்கும் காபன் படிவோ, பொருத்தமற்ற பிளக்கோ, காற்றுக் கசிவால் மிகச் சூடேறிய எஞ்சினோ பொறியின்றியே கலவையைப் பற்றவைத்தலே காரணம். இங்கு ஆளியைத் திருத்திப் பயனில்லை. எஞ்சினையே சோதிக்க வேண்டும்.

வேலை நடுவே ஆளி செயற்படாது போயின், விசையை விட்டு, சங்கிலித் தடையைப் பூட்டி, சோக்கை முழுதும் அடைக்க. கலவை மிகுந்து எஞ்சின் அணையும். பிளக்குத் தொப்பியை ஒருபோதும் வெறுங்கையால் இழுத்தலாகாது. பெற்றோல் தீரும்வரை பொறியை நிலத்தில் வைத்துக் காத்திருப்பதும் தகாது. நிறுத்திய பின் ஆளியைத் திருத்தாமல் அவ்வாளை மீண்டும் தொடங்காதிருத்தலே முறை.

திருத்தியபின் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, நேராகவும் இடமும் வலமும் சாய்த்தும் மும்முறை நிறுத்திப் பார்க்க. ஒவ்வொரு முறையும் தட்டிய உடனே நிற்றல் வேண்டும். நாடோறும் மரத்தடிக்குச் செல்லுமுன் இச்சோதனையைச் செய்வதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் பொறுப்பான பதவிகளில் உள்ளனர். தம் பொறுப்பிலுள்ள வாள்களின் ஆளி நாடோறும் சோதிக்கப்படுகின்றதா என்பதைப் பார்த்தல் அவர்க்குரிய கடமையாகும். குத்தகைக்கு மரம் வெட்டுவோர் கொண்டுவரும் வாள்களையும் இதிலிருந்து விலக்கலாகாது. நில்லாத வாள் யாருடையதாயினும் அதனருகே நிற்பவன் நம்மவனே. ஆசிரியர்கள் மின்காந்தத் தூண்டலைக் கற்பிக்கும்போது, பழைய கொயிலும் சில்லும் ஒரு பல்மானியும் மேசைமேல் இருக்குமாயின், பரடேயின் விதி மாணவர்க்குப் பரீட்சையோடு மறந்துபோகும் பாடமாகாது. அவர்களுட் பலரின் தந்தையரும் தமையன்மாரும் இப்பொறியைத் தோளிற் சுமந்து மலையேறுபவர்களே. வகுப்பறையிற் கற்ற ஒன்று அவர்களை மாலையிற் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்குமாயின், கல்வியின் பயன் அதனினும் வேறு யாது?